எறும்பு போட்ட வழி

எறும்பு பேசினால் மனிதர் காதுக்குக் கேட்ட அந்தக் காலத்தில், பிள்ளை பெற்றவளுக்கு மூன்று நாழிகை நேரம் கையைத் தூக்க வராது. துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளும் வழக்கமும் இல்லை. பிறந்த குழந்தை தானாகவே தாயின் வயிற்றின்மேல் ஊர்ந்து பாலைத் தேட வேண்டும். பூவாயியின் முதல் குழந்தை வழி தெரியாமல் இடப்பக்கம் சரிந்து, பால் எட்டாமலே இறந்து போயிற்று. அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

இப்போது மறுபடியும் அவளுக்கு ஒன்பதாம் மாதம், பத்தொன்பதாம் நாள். பாதம் வீங்கியிருந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. பிள்ளை தலைகீழாகத் திரும்பி விலாவில் உதைத்தது. இடையிடையே உள்ளேயே விக்கல் எடுத்தது. சுவரோரம் குடியிருந்த கடிக்காத கறுப்பு எறும்புகளுக்குத் தினமும் தினை நொய் போடுவாள். “உன் கால்விரலை நீ பார்த்து எத்தனை நாளாச்சு, அக்கா?” என்று மூத்த எறும்பு கேலி பேசும். அதனிடம்தான் தன் பயத்தைச் சொல்லியிருந்தாள். அதற்கும் ஒரு வழி தோன்றவில்லை.

அன்று காலையில் பெருமழை பிடித்து, வெள்ளம் குடிசைக்குள் நுழைந்தது. எறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு ஒரு மண்கட்டியின்மேல் ஒண்டி நின்றன. அவள் விறகை நீட்டினாள். நீர் அதை இழுத்துக்கொண்டு போயிற்று. குனிந்து அள்ள வயிறு விடவில்லை. சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து, தலையை நடுத்தூணில் சாய்த்து, மண்கட்டியை ஒட்டி நீரிலேயே மல்லாந்து படுத்தாள்.

“சீக்கிரம் ஏறுங்க. ரொம்ப நேரம் இப்படிக் கிடக்க என்னால ஆகாது.”

அவை ஒற்றை வரிசையாக அடிவயிற்றில் ஏறி, மார்பு வழியாகத் தோளுக்குப் போய்த் தூணில் தொற்றின. அவளுக்குக் கண் இருண்டது. தொப்புளருகே பிள்ளை ஓர் உதை விட்டது. வரிசை சற்று வலப்பக்கம் ஒதுங்கி மறுபடி நேரானது. முன்னூற்றுப் பன்னிரண்டு எறும்புகள் கடந்தன. கடைசியாக வந்த மூத்த எறும்பு மார்பில் நின்றது.

“அக்கா, நாங்க நடந்த தடத்துல எங்க வாசம் நிக்கும். எங்க குஞ்சுங்க அதை மோந்தே வீடு சேரும். உன் பிள்ளைக்கும் அது இருக்கட்டும்.”

எழுந்து பார்த்தாள். வயிற்றில் ஒரு கறுப்புக் கோடு. கழுவினாள், போகவில்லை.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் பிள்ளை பிறந்தது. அவளுக்குக் கை எழவில்லை. ஈரக் குழந்தை இரண்டு விரற்கடை ஊர்ந்து, இடப்பக்கம் சரிந்தது. குழந்தை நின்றது. மூக்கை உயர்த்தி மோந்தது. கோட்டுக்குத் திரும்பியது. தொப்புளருகே எறும்புகளைப் போலவே ஒதுங்கி, மேலேறி, வாய் வைத்தது. சப்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவள் கண்ணை மூடினாள்.

நிறைமாதக்காரி வயிற்றில் கறுப்புக் கோடு விழுவதும், பிள்ளை பால்குடி பழகியபின் அது மெல்ல மறைவதும் அன்று தொடங்கியதுதான். கறுப்பு எறும்பு மேலே ஏறினால் நம் பெண்கள் நசுக்காமல் ஊதிவிடுவதும் அன்று முதல்தான்.