பதினோரு பேர் திருடவில்லை

"டீச்சர், உங்க ஆளுங்க ஏன் என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கிறாங்க?"

இன்ஸ்பெக்டர் மரகதவல்லி வாசலில் நின்றே கேட்டாள்.

சலோமி டோப்போ கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். ஜார்க்கண்டிலிருந்து நூல் மில் வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மில் குடியிருப்பில் தன் ஊர்க்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பாள். இன்ஸ்பெக்டரைவிட இருபது வயது சின்னவள்.

"என்ன ஆச்சு, மேடம்?"

"இந்த மாசம் மட்டும் மில் ரோட்டுல உங்க ஆளுங்க நாலு பேரைக் கத்தியால கிழிச்சு, போனைப் பிடுங்கியிருக்கானுங்க. ஆஸ்பத்திரியில கேட்டா, சைக்கிள்ல இருந்து விழுந்துட்டோம்ங்கிறாங்க. அடுத்த தடவை உயிரே போயிடும். அவங்க பாஷையில நாலு வார்த்தை கத்துக்கொடுங்க. நானே பேசிப் பார்க்கிறேன்."

"என்ன பேசப்போறீங்க?"

"பயப்படாதீங்கன்னு சொல்லுவேன்."

"எங்களைப் பயமுறுத்தின எல்லாரும் முதல்ல அதைத்தான் சொன்னாங்க."

"சரி. உண்மையைச் சொல்லுங்கன்னு."

"அது அடிக்கும்போது சொல்றது."

மரகதவல்லியின் முகம் கறுத்தது.

"போன வருஷம் நகை காணோம்னு இங்கேயிருந்து பதினோரு பேரை வேன்ல ஏத்திட்டுப் போனீங்க," என்றாள் சலோமி. "கடைசியில யார் எடுத்தது?"

"அந்த வீட்டு மருமகன். அதான் இவங்களை மூணாம் நாளே விட்டுட்டேனே."

"வேன்ல ஏத்தினதைக் கடைவீதியே பார்த்துச்சு. விட்டதை யார் பார்த்தாங்க?"

சலோமி சாக்பீஸை எடுத்தாள். பலகையில் அந்தப் பதினோரு பேரின் பெயர்களையும் தமிழில் எழுதினாள்.

"படிங்க."

மரகதவல்லி படித்தாள். இரண்டு பெயர்களில் நாக்கு புரளவில்லை. சலோமி திருத்தினாள். சரியாக வரும்வரை விடவில்லை.

"போய்க் கடைவீதியில சொல்லுங்க."

மறுநாள் மரகதவல்லி ஜீப்பை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு நடந்தாள். ஒவ்வொரு கடையாக ஏறினாள். பெயர்களைச் சொன்னாள். "இவங்க யாரும் திருடலை. நான்தான் தப்பாப் பிடிச்சேன்."

சிலர் சிரித்தார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். சாயங்காலம் டி.எஸ்.பி. போனில் கத்தினார். "உனக்கு வேற வேலை இல்லையாம்மா?"

செவ்வாய்க்கிழமையும் போனாள். புதன்கிழமையும் போனாள்.

அடுத்த ஞாயிறு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முப்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மரகதவல்லி வந்ததும் பேச்சு நின்றது.

"நாற்பத்து மூணு கடை," என்றாள். "முடிச்சுட்டேன்."

"ஸ்டேஷனுக்கு யாராவது வந்தாங்களா?"

"இல்லை."

"அதைக் கேட்கத்தான் வந்தீங்களா?"

மரகதவல்லி தயங்கினாள்.

"சலூன்காரர் ஒருத்தர், 'ஐயோ, ஒரு வருஷமா அவங்களுக்கு முடிவெட்ட மாட்டேன்னு விரட்டிட்டிருந்தேனே'ன்னு தலையில கை வெச்சுக்கிட்டார். அப்புறம்தான் உறைச்சுது டீச்சர். ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். அந்தப் பதினோரு பேர்கிட்ட சொல்லவே இல்லை."

சலோமி கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தாள்.

மரகதவல்லி வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். தாள் எதையும் பார்க்காமல் பெயர்களைச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழுந்தார். இரண்டு பெயர்களுக்கு யாரும் எழவில்லை.

"அவங்க ஊருக்கே திரும்பிப் போயிட்டாங்க," என்றாள் சலோமி. "அவமானம் தாங்கலை."

மரகதவல்லி தொப்பியைக் கழற்றினாள்.

"தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க. ஊருக்குப் போன ரெண்டு பேரோட போன் நம்பரும் கொடுங்க. அவங்ககிட்டயும் பேசணும்."

நின்றிருந்தவர்களில் ஒருவர், ஜோஹன் கெர்கெட்டா, தன் பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாயில் ஓர் ஆள் உட்கார இடம் வந்தது.

மரகதவல்லி அங்கே போய் உட்கார்ந்தாள்.

"கத்தியோட வந்தது மூணு பேர், மேடம்," என்றார் ஜோஹன், நிறுத்தி நிறுத்தித் தமிழில். "ஒரே பைக்தான். வண்டி நம்பர் சொல்றேன், எழுதிக்கங்க."

எழுதிவிட்டு அவள் சலோமியை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, டீச்சர்?"

"இங்கே எல்லாருக்கும் தெரியும், மேடம்."