துண்டுக்கு அடியில் ஒரு கை

மலையடிவாரத்து மடத்தில் சீடராக இருந்த நஞ்சப்பன் வாசலைத் தாண்டி வெளியே போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அதற்கு முன் அவர் மாட்டுத் தரகர். அவர் சந்தைக்குள் நுழைந்தால் மாடு வாங்க வந்தவனும் விற்க வந்தவனும் சேர்ந்து பயப்படுவார்கள். அப்படி ஒரு வாய். அப்படி ஒரு கோபம்.

அன்று காலை அவருடைய தங்கை வசந்தாமணி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மடத்துக்கு வந்தாள்.

“அண்ணா, நாளைக்குக் குலசாமி கோயில்ல இவளுக்குக் காது குத்து. மத்தியான பஸ்ஸுக்கு நீ என்கூட வர்றே.”

நஞ்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஒரு வயசுல குத்தியிருக்கணும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டே. ரெட்டைப்படை வயசுல ஆகாதுன்னு மூணுக்குத் தள்ளினோம். அடுத்த மாசம் நாலு பொறக்குது. தாய்மாமன் நீ இருக்கையில இவளை யார் மடியில உட்கார வெக்கிறது, சொல்லு.”

“எனக்கு உடம்பு சரியில்லை அம்மிணி.”

“என்ன உடம்புக்கு? பார்த்த டாக்டரெல்லாம் நெஞ்சு நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க? ஆளும் நோம்பிக்கு வளர்த்த கெடா மாதிரி கொழுத்துத்தான் இருக்கே!”

“போடி வெளியே!”

குழந்தை வீறிட்டு அழுதது. வசந்தாமணி அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். அழுகை உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது.

மடத்துத் தலைவரான சாமி சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நஞ்சப்பனைவிட வயதில் இளையவர். நஞ்சப்பன் வேகமாக வந்து அவர் முன்னால் நின்றார்.

“சாமி, அவங்களை அனுப்பிச்சிருங்க.”

“அனுப்பிரலாம். உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லுங்கண்ணா. இத்தனை நாள் நானும் கேட்டதில்லை.”

நஞ்சப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“முதல்ல சந்தையிலதாங்க வந்துச்சு. கூட்டத்துல நிக்கறேன். நெஞ்சு படபடன்னு அடிக்குது. கை மரத்துப்போச்சு. மூச்சு உள்ள போகலை. செத்தேன்னே நினைச்சேன்.”

“சாகலை.”

“சாகலைங்க. ஆனா அடுத்த சந்தைக்கும் அதே இடத்துல வந்துச்சு. சந்தைக்குப் போறதை விட்டுட்டேன். அப்புறம் பஸ்ஸுல வந்துச்சு. பஸ்ஸை விட்டேன். சவரக் கடையில நாற்காலியில உட்கார்ந்து கழுத்துல துணியைக் கட்டினதும் வந்துச்சு. பாதி மூஞ்சியோட எந்திரிச்சு வீட்டுக்கு ஓடினேன். ஊரே சிரிச்சுது. வீட்டுல இருந்தா சோறு தொண்டையில நிக்குது. பொண்டாட்டி கடைக்குப் போனா, வர்றதுக்குள்ள எனக்கு ஏதாவது ஆயிருமோன்னு போன் மேல போன். அவ கையில போனைப் புடிச்சுக்கிட்டேதான் காய் வாங்குவா.”

“டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?”

“ஒருத்தர் சொன்னார். இதுக்குப் பேரு பதற்ற நோயாம். நெஞ்சுல ஒண்ணுமில்லை, மனசு டாக்டரைப் பாருங்கன்னார். என்னைப் பைத்தியம்ங்கிறியான்னு சட்டையைப் புடிச்சுட்டேன். அப்புறந்தான் இங்க வந்தேன். அது இங்க வரலை.”

“வரவே இல்லையா?”

நஞ்சப்பன் தரையைப் பார்த்தார்.

“இப்ப வாசல்கிட்டப் போனா வருது. போன வாரம் கிணத்தடியில வந்துச்சு. அந்தப் பக்கம் போறதில்லை.”

சாமி கீரையை ஒதுக்கி வைத்தார்.

“அண்ணா, சந்தையில துண்டைப் போட்டு விரலைப் புடிச்சு விலை பேசுவீங்களாமே. அது எப்படி?”

“இப்ப அதுக்கா சாமி நேரம்?”

“சொல்லுங்க.”

எரிச்சலோடுதான் தோள் துண்டை எடுத்தார். ஆனால் அதைத் தொட்டதும் கைக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. தன் கையையும் சாமியின் கையையும் சேர்த்து மூடினார்.

“பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியக் கூடாது. வாய் மழையைப் பத்திப் பேசும். விலையெல்லாம் விரல்லதான். அவன் என் விரலைப் புடிச்சுக் கேப்பான். ஒத்துக்கிட்டா நான் அழுத்தணும். இல்லைன்னா சும்மா இருக்கணும். அவ்வளவுதான்.”

“யார் ஜெயிப்பாங்க?”

“அவசரம் இல்லாதவன். எப்படா கையை உருவலாம்னு தவிக்கிறான் பாருங்க, அவன்கிட்ட எவ்வளவு வேணா கறக்கலாம். ஒரு தடவை எறங்கிட்டான்னா போச்சு. இன்னும் எறங்குவான்னு தெரிஞ்சுரும். மேல மேல கேக்கணும்.”

“எறங்காதவன்?”

“அவனை என்ன பண்ண முடியும்? கயிறு கை மாறுற வரைக்கும் மாடு அவனுதுதானே.”

சாமி தலையாட்டினார்.

“சரி. இப்ப நான்தான் அது. உங்க நெஞ்சுல வர்றது.” துண்டுக்கு அடியில் நஞ்சப்பனின் சுண்டுவிரலைப் பிடித்தார். “சந்தையைக் குடு.”

நஞ்சப்பன் திகைத்தார்.

“அன்னிக்கு என்ன செஞ்சீங்களோ அதைச் செய்யுங்க.”

நஞ்சப்பன் அழுத்தினார்.

“அதோட போயிட்டேனா?”

“இல்லைங்க.”

அடுத்த விரல். “பஸ்ஸைக் குடு.”

அழுத்தினார்.

“சவரக் கடை நாற்காலியைக் குடு.”

அழுத்தினார்.

“கிணத்தடியைக் குடு.”

அழுத்தினார். அவர் முகம் சிவந்துவிட்டது. தன்னைப் போல இவ்வளவு மட்டமாக ஒருவன் பேரம் பேசிச் சந்தையில் அவர் பார்த்ததில்லை.

சாமி இப்போது அவருடைய கை முழுவதையும் பிடித்தார்.

“வெளியில ஒரு பிள்ளை அழுவுது. அதுக்கு வேண்டிய மடியைக் குடு.”

நஞ்சப்பனின் உள்ளங்கை குப்பென்று வியர்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. சுவர்கள் கிட்டே வந்தன. கையை இழுக்கப் பார்த்தார்.

“உருவிக்கலாம்ண்ணா. நான் இறுக்கிப் புடிக்கலை.”

உண்மைதான். சாமியின் பிடி பூப்போல இருந்தது. நஞ்சப்பன் கையை உருவவில்லை. அழுத்தவும் இல்லை.

“சாமி… வந்துருச்சு… நெஞ்சு…”

“விரல்லயே தெரியுது. மழை பெய்யுமா?”

“என்னங்க?”

“வாய் மழையைப் பத்திப் பேசும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“மேக்கால… மேகமே இல்லீங்க… பெய்யாது…”

“போன வருசம்?”

“போன வருசமும்… பெய்யாம ஏய்ச்சுப் போட்டுது… மாட்டுக்குப் போடற சோளத்தட்டு விலை ஏறிப்போச்சு…”

மழையைப் பற்றிப் பேசினார்கள். சோளத்தட்டைப் பற்றிப் பேசினார்கள். நெஞ்சு இன்னும் அடித்தது. ஒரு கட்டத்தில் நஞ்சப்பனுக்குப் பேச்சே வரவில்லை. சாமி கையை எடுக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. ஆய்ந்த கீரை வாடத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான், எப்போது என்று தெரியாமல், அடிப்பு ஒரு படி இறங்கியது. பிறகு இன்னொரு படி.

“நான் இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்,” என்றார் சாமி.

“குடுக்க முடியாது!”

அது சந்தைக் குரல். வாசலில் வசந்தாமணி திடுக்கிட்டு எழுந்தாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.

மத்தியானம் மூவரும் குழந்தையோடு பஸ்ஸுக்கு நடந்தார்கள். கிணற்றருகே நஞ்சப்பன் நின்றார். வாசலில் நின்றார். இரண்டு இடத்திலும் சாமி மழையைப் பற்றி விசாரித்தார்.

“காது குத்து முடிஞ்சதும் அந்த மனசு டாக்டரைப் பாருங்கண்ணா.”

“நானென்ன பைத்தியமுங்களா?”

“மாட்டுக்குக் கோமாரி வந்தா எங்க கூட்டிட்டுப் போவீங்க?”

“மாட்டாஸ்பத்திரிக்கு.”

“மாடு போய் டாக்டர் சட்டையைப் புடிக்குமா?”

“ஊசி போட்டா உதைக்குமுங்க.”

“உதைச்சாலும் கூட்டிட்டுத்தானே போறீங்க?”

வசந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நஞ்சப்பன் முறைத்தார். ஆனால் மறுத்துப் பேசவில்லை.

பஸ் வந்தது. நஞ்சப்பன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வசந்தாமணி குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அவர் நெற்றி முழுக்க வியர்வை. குழந்தை அவருடைய துண்டின் முனையைப் பிடித்து அதைத் துடைத்துவிடப் பார்த்தது.

நஞ்சப்பன் கீழே நின்ற சாமியிடம் ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

“சாமி, பாதி வழியில அது மறுபடியும் வந்துச்சுன்னா?”

“வரும்ண்ணா. அதுக்கும் பக்கத்துல உட்கார இடம் குடுங்க. கயித்தைக் குடுத்துராதீங்க.”