கரிச்சான் வராத மரம்

வல்லூறு அத்திமரத்துக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கரிச்சான் குருவியைக் காணோம்.

மாங்குயிலின் கூட்டில் இறகு முளைக்காத குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. வல்லூறு என்றால் என்னவென்றே அவற்றுக்குத் தெரியாது.

"செம்போத்தண்ணே, கரிச்சான் எங்கே?" என்று மாங்குயில் கத்தியது.

"வருவான். இந்த மரத்தை விட்டா அவனுக்கு வேற போக்கிடம் ஏது?" என்றது கீழ்க்கிளையில் இருந்த செம்போத்து.

செம்போத்துதான் இப்போது மரத்துக்குத் தலைவர். முன்பு அப்படி இல்லை. மரம் யானைக்குச் சொந்தம். கிளைகளைப் பறவைகளுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. மரத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் உடும்பை வைத்திருந்தது. உடும்பு ஒரு சிடுமூஞ்சி. நல்ல பழமெல்லாம் அதற்குத்தான் போகும். பறவைகள் கூடி யானையிடம் போய், "மரத்தை இனிமே நாங்களே பார்த்துக்கறோம்" என்றன. "சரி, பங்குனி பிறந்ததும் உங்க பொறுப்பு" என்று யானை சொல்லிவிட்டது. பங்குனியில் உடும்பு போனது, செம்போத்து தலைவரானது.

உடும்பு இருந்த காலம் பொற்காலம் எல்லாம் இல்லை. ஆனால் விடிவதற்கு முன்பே உச்சிக்கிளையிலிருந்து கரிச்சான் கூப்பிடும். அதைக் கேட்டுத்தான் மற்றதெல்லாம் கண் விழிக்கும். வல்லூறு வந்தால் கரிச்சான் அதன் முதுகிலேயே கொத்தி, ஏரி தாண்டி விரட்டிவிட்டு வரும். வந்து உட்கார்ந்து, வல்லூறு அலறியதை அப்படியே கத்திக் காட்டும். எல்லாப் பறவையும் சிரிக்கும். உடும்புகூட ஒரு தடவை சிரித்திருக்கிறது.

இந்த வருஷக் குஞ்சுகள் அந்தச் சத்தத்தைக் கேட்கவே இல்லை.

வல்லூறு இறங்கியது. மாங்குயில் சிறகை விரித்துக் கூட்டை மூடியது. ஆனாலும் ஓரத்தில் கிடந்த குஞ்சு போய்விட்டது.

மிச்சக் குஞ்சுகளுக்குக் காவலாக ஆண் மாங்குயிலை உட்காரவைத்துவிட்டு, தாய் மாங்குயில் பறந்து தேடியது. ஓடைக்கரை மருதமரத்தின் உச்சியில் கரிச்சான் இருந்தது.

"ஏன்டா தம்பி, எங்களை இப்படி விட்டுட்டியே?"

"நான் எங்கேக்கா விட்டேன்? உச்சிக்கிளை உனக்கு, வல்லூறை விரட்டுறது உன் வேலைன்னு என்கிட்ட பேசினது உடும்பு. அவர் போனதோட அந்தப் பேச்சும் முடிஞ்சுபோச்சு. அவர் போறதுக்கு முன்னாடியே நீங்க யாராவது வந்து புதுசா பேசுவீங்கன்னு மாசி பூரா பார்த்தேன். ஒருத்தரும் வரல. இந்த மருதமரத்துப் பறவைங்க வந்து கூப்பிட்டாங்க."

"சரி, இப்ப நான் வந்து கூப்பிடறேன். வா."

"இங்க என்னை நம்பிக் கூடு கட்டியிருக்காங்கக்கா. பாதியில விட்டுட்டு வந்தா நான் என்ன ஆளு? அடுத்த வருஷம்னா முன்னாடியே சொல்லு, வரேன்."

கரிச்சான் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் மாங்குயிலுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திரும்பி வந்து நேராகச் செம்போத்தின் முன்னால் உட்கார்ந்தது.

"நீங்க போய் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா இல்லையா?"

"வேலைக்காரன் இருக்கிற இடத்துக்குத் தலைவர் போறதா? அவன்தான் வந்து கேக்கணும்."

"என் குஞ்சு போச்சு. இப்பவும் தலைவர்தானா?"

செம்போத்து கிளையில் இரண்டடி பின்னால் நகர்ந்தது.

"போய்ப் பேசணும்னு உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

"உடும்பு சொல்லிச்சு" என்றது செம்போத்து, மெதுவாக. "அது சொல்லி நாம கேக்கணுமான்னு இருந்துட்டேன்."

பொறுப்பை வாங்கிக்கொள்கிறவர், பழைய ஆள் போகும் முன்பே அவருக்காக உழைத்தவர்களை ஒவ்வொருவராக நேரில் பார்த்து, "இனிமேல் நாங்கள்தான், எங்களுக்காக வருவீர்களா?" என்று கேட்டுவிட வேண்டும், உடும்பு செம்போத்திடம் சொல்லிவிட்டுப் போனதும் இதைத்தான், செம்போத்து செய்யாமல் விட்டதும் இதைத்தான்.