துண்டு போட்ட சீட்

பஸ் நிலையத்தில் வேர்க்கடலை விற்கும் மாசிலாமணிக்கு தனியார் பொறியியல் கல்லூரியில் படிக்கும் மகளின் இரண்டாம் வருடக் கட்டணத்துக்குப் பணம் புரளவில்லை. அரசுக் கல்லூரிக்கு மாற்றிவிடலாம் என்று டிசி கேட்டு எழுதிக் கொடுத்திருந்தவர், மறுவாரம் அதை வாங்கப் போனார். காத்திருந்த மற்ற பெற்றோருடன் வெளியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்த பிறகுதான் தாளாளர் உள்ளே கூப்பிட்டார்.

"டிசி தாராளமா வாங்கிக்கய்யா. மீதி மூணு வருஷப் பீஸைக் கட்டிட்டு வாங்கிக்க. உன் பொண்ணு போனா அந்த சீட் சும்மா கிடக்கும். அந்த நஷ்டத்தை யார் தாங்குறது?"

"வேற யாரும் உட்கார மாட்டாங்களாய்யா?"

"ஈ எறும்பு உட்காராது."

"அப்ப கட்டிடறேங்கய்யா" என்றார் மாசிலாமணி. கதவைத் திறந்து, வெளியே இருந்த காலி நாற்காலியில் தன் துண்டைப் போட்டுவிட்டு, கடலை விற்கும் குரலில் கூவினார்.

"கம்ப்யூட்டர் பிரிவு, ரெண்டாம் வருஷம், என் பொண்ணு சீட்டு! துண்டு போட்டாச்சு. மூணு வருஷத்துக்கு யாரும் உட்காரக் கூடாதாம், ஐயா சொல்லிட்டார்!"

டிப்ளமோ முடித்த மகனை நேராக இரண்டாம் வருடத்தில் சேர்க்க வந்திருந்தவர் துள்ளி எழுந்தார். "அந்த சீட்டுக்கு நேத்தே என்கிட்ட முன்பணம் வாங்கியாச்சே!"

"என்னது? என்கிட்டயும் வாங்கினாரே!" என்று ஓர் அம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார்.

மாசிலாமணி பணிவாகத் தாளாளர் பக்கம் திரும்பினார்.

"இது மூணு பேர் சீட்டுங்களாய்யா? முன்னாடியே சொல்லியிருந்தா ஜன்னலோரம் கேட்டிருப்பேனே."

தாளாளர் நின்றபடியே டிசியில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"பீஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். முதல்ல நீ இறங்குய்யா!"