எல்லா ஊரிலும் இருபது டிகிரி

ஒட்டன்சத்திரத்தில் அமராவதி என்று ஒருத்தி செத்துப்போனாள். இதை ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்லி என்ன ஆகப்போகிறது? வலிப்பு நோய்க்காரி. மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதவள். அன்று காலையிலும் போட்டுக்கொண்டுதான் அடுப்படிக்குப் போனாள். மாத்திரை வயிற்றில் கரையவில்லை. வலிப்பு வந்து, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி மேலேயே விழுந்தாள்.

மாத்திரை ஏன் கரையவில்லை? அந்த மருந்து ஒரு படிகம். உள்ளே மூலக்கூறுகள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். குளிரில் ஓர் அடுக்கு, அது கரையும். சூடு ஏறினால் அடுக்கு மாறிவிடும், அது கரையாது. கம்பெனிக்காரர்கள் மாத்திரையைத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். கேட்டால், "படிக அளவுகளைச் சேர்த்து வைக்கும் பொதுக் களஞ்சியத்தில் பாருங்கள், கரையும் அடுக்கை இருபது டிகிரியில் எக்ஸ்ரே படம் எடுத்ததாகத்தான் பதிவு இருக்கிறது. அறை வெப்பத்தில் நிற்கும் என்று நினைத்தோம்" என்றார்கள். கம்பெனி மேல் வழக்கு தனியாக நடக்கிறது, அதை விடுங்கள். களஞ்சியத்தில் அந்த இருபது எப்படி வந்தது?

விசாரித்து, பொறுப்பாளி என்று ஒரு பெயர் எழுதும்படி களஞ்சிய நிர்வாகத்தார் வேதவல்லியிடம் சொன்னார்கள்.

வேதவல்லி அந்தக் களஞ்சியத்தின் பொது அகராதியைக் காப்பவள். ஒவ்வோர் ஆய்வகமும் தன் இஷ்டத்துக்கு எழுதினால் ஒருவர் அளந்தது இன்னொருவருக்குப் புரியாது. அதனால் எந்த அளவை என்ன பெயரில், எந்த அலகில் எழுதுவது என்று எல்லோருக்கும் ஒரே பட்டியல். பதினெட்டு வருடமாக அதுதான் அவள் உயிர். அதில் ஆரம்பத்திலிருந்தே ஒரு வசதி இருந்தது. அளவு தெரியாவிட்டால் கேள்விக்குறி போடலாம். சோம்பேறிகள் தெரிந்ததற்கும் அதையே போட்டார்கள். வேதவல்லிக்கு எரிச்சல் தாங்கவில்லை. வெப்பநிலைக் கட்டத்தில் கேள்விக்குறியே கூடாது என்று விதியை மாற்றினாள். எண் போட்டால்தான் கணினி பதிவை வாங்கும்.

பலன் ஒரு வரைபடமாக அவள் அறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. வெப்பநிலைக்குக் கேள்விக்குறி போட்டு வந்த பதிவுகள் முந்தைய வருடம் தொள்ளாயிரம், விதி வந்த வருடம் பூஜ்யம். பக்கத்தில் 'இருபது டிகிரி' என்ற குச்சி மட்டும் கிடுகிடுவென்று வளர்ந்திருந்தது. ஏன் என்று வருடக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"இப்பதான் எல்லாரும் ஒழுங்கா அளக்கிறாங்க சார்" என்றாள். கை தட்டினார்கள்.

இப்போது அதே அறையில் இரண்டு பேர் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இருதயம், வேலூர் ஆய்வகத்தில் கருவி இயக்குபவர், அந்தப் படிகத்தைக் குளிர்காற்றில் வைத்து எக்ஸ்ரே எடுத்தவர். பூங்கோதை, அங்கேயே முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள், பதிவை அனுப்பியவள். பெயர் எழுதப்பட்டால் அவருக்கு வேலை போகும், அவளுக்குப் பட்டம் போகும்.

"ஏன் இருதயம் சார், வெப்பநிலையை எழுதல?"

"மீட்டர் ரிப்பேர் மேடம். ஆறு லெட்டர் போட்டேன், ஒரு பய வரல. குளிரா இருந்துச்சு, அதான் தெரியும். எவ்வளவு குளிருன்னு மூக்க வச்சா அளக்கிறது? கேள்விக்குறி போட்டுக் குடுத்தேன்."

வேதவல்லி பூங்கோதை பக்கம் திரும்பினாள். "அத நீ எதுக்கு மாத்துன?"

"வாங்கலையே மேடம். மூணு தடவ அப்படியே அனுப்பினேன், மூணு தடவையும் திருப்பி அடிச்சுது. அன்னிக்குக் கடைசி நாள். 'இருபது போடுடி, எல்லாரும் அதான் போடுவோம்'னு சீனியர் அக்கா சொன்னாங்க. போட்டேன்."

"பொய்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்." பூங்கோதை தலையைக் குனியவில்லை. "எங்க லேப்ல ஏசி செத்து ஒரு வருஷம் ஆச்சு. குளிர்காத்த விடுங்க, அறையிலகூட வேலூர்ல மே மாசம் இருபது டிகிரி எங்கேர்ந்து மேடம் வரும்?"

"வாய அடக்கிப் பேசு."

"அடக்கிக்கிட்டுத்தான் இருபது போட்டேன்."

இருதயம் இருமினார். வேதவல்லி கணினியில் தேடினாள். மூன்று மறுப்புகளும் நேரத்தோடு இருந்தன. சுவர்ப் பக்கம் திரும்பாமல் விசாரணைப் படிவத்தைத் திறந்தாள். 'பொறுப்பாளி' என்று ஒரே ஒரு கட்டம். காலியாக விட்டால் படிவம் செல்லாது.

அளவை எழுதாதவர் ஒருவர். தெரிந்தே பொய்யை எழுதியவள் ஒருத்தி. தெரியாது என்று சொல்ல வழியே வைக்காதவள் இன்னொருத்தி. அந்தக் கட்டத்தில் வரவேண்டிய பெயர் எது? கீழே பார்க்காமல் சொல்லுங்கள்.

விடை: இருதயம் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதிய ஒரே ஆள் அவர். பூங்கோதை செய்தது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது அவளுடைய ஒரு பொய்தான். நூற்றுக்கணக்கான பொய்யும் ஒரே இடத்தில் சேர்ந்து தெரிந்தது வேதவல்லிக்கு. விதியைத் தவறாகப் போட்டதைக்கூட மன்னிக்கலாம். எல்லா ஊரும் ஒரே வருடத்தில் இருபது டிகிரி ஆனதைப் பார்த்துவிட்டு, அதைச் சட்டம் போட்டு மாட்டினாளே, அதை மன்னிக்க முடியாது. வரவேண்டிய பெயர் அவளுடையது. அவள் எழுதியது பூங்கோதையின் பெயர். கணினி அதை முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டது.