கஞ்சி ஆறிப்போச்சா?

ஒரு காலத்தில், மழைகூடத் தன்னைக் கேட்டுத்தான் பெய்கிறது என்று நம்பிய ராஜா ஒருவர் கொங்கலூரை ஆண்டுவந்தார். பேர் பரிதிவளவன். அவருடைய மந்திரி சடையன், மேற்கே காட்டோர மலைக்குடியில் பிறந்தவர். மந்திரியின் வேடிக்கைப் பேச்சு இல்லாவிட்டால் ராஜாவுக்குச் சோறு இறங்காது. அதனாலேயே சடையன் ஊருக்குப் போய்வர விடை கேட்டபோதெல்லாம், "அடுத்த மழைக்குப் பார்க்கலாம்" என்பார். மழைகள் போய்க்கொண்டே இருந்தன. சபை நடக்கும்போதே மந்திரியின் கண் சாளரத்தில் நீலமாய்த் தெரியும் மலைக்கு ஏறிவிடும்.

சேனாதிபதி ஏகாம்பரருக்கு அது போதாதா! "அரசே, மந்திரியாருக்கு நம் சபை கசக்கிறது போலும்."

"இங்கே இல்லாதது அங்கே என்னய்யா இருக்கிறது?" என்று சீறினார் ராஜா.

"பெரிதாக ஒன்றுமில்லை அரசே" என்றார் சடையன். "ஊர் வாசலில் உங்கள் பேர் செல்லாத ஒரு மூங்கில் படல் இருக்கிறது."

ராஜா துள்ளி எழுந்தார். "புறப்படுங்கள்! படல் எனக்குத் திறந்தால், இனி நீர் மலைப் பேச்சே எடுக்கக் கூடாது. உமக்குத் திறந்தால், மழைக்காலம்தோறும் போய் இரும்!"

சடையன் குனிந்து சிரிப்பை மறைத்தார். ராஜாவே அல்லவா கூட்டிப் போகிறார்!

மலைமேல் ஒரே மூடுபனி. யானை நடமாடும் காடு; பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம்: வெளியே நிற்பவர் குரல் கொடுக்க வேண்டும், உள்ளே ஒருவராவது "நம்ம ஆளு" என்றால்தான் மூங்கில் படல் திறக்கும்.

ஏகாம்பரர் தொண்டையைச் செருமினார். "ராஜாதிராஜ, ராஜமார்த்தாண்ட, ராஜகம்பீர..."

உள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "இத்தனை பேருக்குச் சோறு காணாது. போய்ட்டு வாங்க!"

ராஜாவின் முகம் சுண்டியது. "உம் முறை, மந்திரி."

"அமைச்சர் சடையன் வந்திருக்கிறேன்!"

"அமைச்சரா? அப்படி யாரும் இங்க இல்லையே."

அந்தக் குரல் சடையனின் அக்கா நஞ்சியின் குரல். தம்பியின் குரலைத்தான் அரண்மனை மாற்றிவிட்டது. சடையன் படலைப் பிடித்துக்கொண்டார். ஆடு மேய்த்து இருட்டித் திரும்பும் சின்ன வயதில் தினமும் கேட்டது தானாக வாயில் வந்தது.

"அக்கா... கஞ்சி ஆறிப்போச்சா?"

உள்ளே ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு, "ஆறினா என்னடா, சுட வச்சுத் தாரேன். நம்ம ஆளு! படலைத் தொறங்க!"

சடையன் உள்ளே போனதும் படல் மூடிக்கொண்டது.

"உடைக்கட்டுமா அரசே?" என்றார் ஏகாம்பரர்.

"உடைத்தால் கஞ்சி கிடைக்குமா?" ராஜாவுக்குப் பல் கிட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பட்டம் இல்லாமல் குரல் கொடுத்தார். "அம்மா... குளிருது. பசிக்குது."

"அட, அப்படிச் சொல்றதுக்கென்ன? பசிச்சவரு எல்லாம் நம்ம ஆளுதான். வாங்க!"

சுடுகஞ்சியோடு அடுப்போரம் உட்கார்ந்த ராஜா, "முதலில் திறந்தது உமக்குத்தான். ஜெயித்துவிட்டீர்" என்றார். வெளியே பட்டத்தோடு ஒரு குரல் கேட்டது. "சேனாதிபதி, சமரசிங்க ஏகாம்பரர்..."

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே!" என்று உள்ளிருந்து கத்தியவர் ராஜாதான். ஏகாம்பரர் "பசிக்குது" என்று முனகிய பிறகுதான் உள்ளே வந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் சடையன் விடைபெற வந்தார். சாளரத்தில் மலையைப் பார்த்தபடி நின்ற ராஜா திரும்பவில்லை.

"மந்திரி, உம் அக்காவிடம் ஒன்று கேட்டுவாரும்."

"என்ன அரசே?"

"எனக்கு வைத்த கஞ்சி ஆறிப்போச்சா என்று."