அக்கரைச் சுங்கமும் இக்கரைச் சுங்கமும்

வெகு காலத்துக்கு முன்னால் வேங்கைநாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர். ஆனால் மைத்துனர் பேச்சை எடுத்தால் மட்டும் புத்தி தடுமாறிவிடும். ஆற்றுக்கு அக்கரையில் ஆண்ட கார்வண்ணன்தான் அந்த மைத்துனர். மலையிலிருந்து படகில் மிளகு கொண்டுவரும் செட்டிகள் எந்தக் கரையில் இறங்குகிறார்களோ, அந்த நாட்டுக்குத்தான் சுங்கம்.

ஒருநாள் கஜானா அதிகாரி சண்பகராயர் ராஜாவின் காதில் ஓதினார்: "நம் சுங்கத்தைப் பாதியாக்குங்கள் மகாராஜா. அக்கரைத் துறையில் ஈ ஓட்டுவார்கள்."

பாதியானது. செட்டிகள் இக்கரைக்கு வந்தார்கள். கார்வண்ணன் கால்வாசியாக்கினார், அக்கரைக்குப் போனார்கள். மகரகேது சுங்கமே வேண்டாம் என்றார். அக்கரையிலும் சுங்கம் போயிற்று. அப்புறம் இறங்குகிற செட்டிக்கு இங்கே மாலை, அங்கே சந்தனம். இங்கே பட்டு, அங்கே பட்டோடு விருந்து.

மந்திரி கூத்தபிரானுக்குத்தான் சோறு இறங்கவில்லை. பெரிய ஏரியின் மதகு உடைந்து கிடந்தது. மழை நெருங்கிக்கொண்டிருந்தது. செப்பனிடப் பணம் கேட்டால் சண்பகராயர் கையை விரித்தார். அக்கரையிலும் இதே கதைதான், இடிந்த பாலத்தைக் கட்டப் பணமில்லை. மழை கொட்டினால் ஏரிக்குக் கீழே இருந்த ஊர்களெல்லாம் வெள்ளத்தில் போய்விடும்.

சபையில் இதைச் சொன்னபோது சண்பகராயர் சிரித்தார். "மந்திரியாருக்கு வியாபாரம் என்றால் என்னவென்று தெரியாது, மகாராஜா."

ராஜாவும் கூடச் சிரித்தார். "அப்படியானால் தெரிந்துகொண்டு வாரும். பௌர்ணமிக்குள் ஒரு செட்டியையாவது நம் துறையிலேயே நிலைக்கவையும். முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றிவிடும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் கூத்தபிரான்.

இரண்டு நாள் கழித்து, முறுக்கு மீசையும் கடுக்கனுமாக ஒரு புதுச் செட்டி ஒற்றை மூட்டையோடு துறையில் இறங்கினார். சண்பகராயர் ஓடிப்போய் மாலை போட்டார்.

"மூட்டையைப் பிரித்துக் காட்டட்டுமா?" என்றார் செட்டி.

"சிவ சிவா, உங்களைச் சந்தேகப்படுவதா?" என்று பட்டைப் போர்த்தினார் சண்பகராயர்.

"அக்கரையில் இதைவிட அகலமான கரை போட்ட பட்டு தருகிறார்களாம்" என்று செட்டி மறுபடி படகேறினார். அங்கே அதை வாங்கிக்கொண்டு, இங்கே வந்து வெள்ளித் தட்டு வாங்கினார். தட்டைக் காட்டி அங்கே குடம் வாங்கினார். மூட்டை அதேதான். பரிசுகளை ஏற்றத்தான் பெரிய படகு தேவைப்பட்டது.

கடைசியில் செட்டி இரண்டு அரண்மனைக்கும் சொல்லியனுப்பினார்: "நடு ஆற்று மணல் திட்டுக்கு ராஜாக்களே வரட்டும். யாருடைய துறை என்று அங்கே சொல்கிறேன்."

இருவரும் பரிவாரத்தோடு வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். செட்டி மீசையைப் பிய்த்தெடுத்தார். மூட்டையை அவிழ்த்தார். உள்ளே உமி. ஆற்றுக்காற்று அதை வாரி இரண்டு ராஜாக்களின் தாடியிலும் இறைத்தது.

"கூத்தபிரானா?" என்றார் மகரகேது. முகம் சிவந்திருந்தது.

"நான்தான் மகாராஜா. ஒரு கேள்வி கேட்கலாமா? இரண்டு கரையிலும் சுங்கமே இல்லாவிட்டால் செட்டி எங்கே இறங்குவான்?"

"எது பக்கமோ அங்கே."

"இரண்டு கரையிலும் ஒரே சுங்கம் வாங்கினால்?"

ராஜா சற்று யோசித்தார். "அப்போதும் பக்கத்துத் துறையில்தான்."

"அப்படியென்றால் என் மதகையும் அக்கரைப் பாலத்தையும் பாழாகவிட்டு நீங்கள் இருவரும் வாங்கியது என்ன?"

கார்வண்ணன் தாடியைத் தட்டிப் பார்த்தார். "உமி" என்றார்.

மகரகேதுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மைத்துனரும் சேர்ந்துகொண்டார். வருஷக்கணக்காகப் பேசாத இருவரும் அந்த மணலிலேயே உட்கார்ந்து, இரு கரைக்கும் ஒரே சுங்கம் என்று பேசி முடித்தார்கள். கூத்தபிரான் வாங்கிய பரிசுகளை விற்று மதகும் பாலமும் சரிசெய்யப்பட்டன. முதல் மழையில் ஏரி நிரம்பியது, மதகு அசையவில்லை. மந்திரியை ராஜா தன் பட்டத்து யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்.

சண்பகராயருக்கும் ஒரு வேலை கிடைத்தது. துறையில் நின்று, வருகிற ஒவ்வொரு மூட்டையையும் தன் கையால் பிரித்து, முகர்ந்து பார்க்க வேண்டும். காலையில் ஆற்றுப் பக்கம் அவருடைய தும்மல் கேட்டால் போதும், வேங்கைநாட்டார் வியாபாரம் அமோகம் என்று தெரிந்துகொள்வார்கள்.